மருந்தை நிறுத்துவது விசுவாசமா?

குணமடைதல் என்னும் சொல்லை நாம் எப்பொருளில் வழங்குகிறோம் என்று சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நன்று. காய்ச்சல் வந்தது, மருந்துண்டோம், காய்ச்சல் போயிற்று, மருந்தும் நின்றது. இதனையே நாம் குணம் என்கிறோம். மருந்து நின்ற நாளே நோய் நின்ற நாள் என்பது நம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்ட கணக்கு. இக்கணக்கின்படி, வாழ்நாள் முழுவதும் மருந்துண்பவர் ஒருநாளும் குணமடையாதவர். அவருக்காகச் செய்த செபமெல்லாம் கேட்கப்படாத செபம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு பெருகிவிட்ட இந்நாளில் இக்கணக்கு ஓரளவு தளர்ந்திருக்கிறது என்றாலும், அவை வயது ஏறுவதன் கூலி என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். பத்து வயதுச் சிறுவனை நோக்கி, "இனி நீ உயிரோடு இருக்குமட்டும் இம்மாத்திரை" என்று மருத்துவர் சொல்லும்போதுதான் அந்தத் தேற்றம் நம்மைக் கைவிடுகிறது.

அவ்வாறு சொல்ல நேரும் நோய் ஒன்று உண்டு. வில்சன் நோய் என்பது அதன் பெயர். ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு அது வரும் என்பர். நாம் உண்ணும் தானியத்திலும் பருப்பிலும் முந்திரியிலும் நண்டிலும் இறாலிலும் செம்பு என்னும் உலோகம் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் அளவே உள்ளே செல்லும். உடலுக்கு அது வேண்டியதுதான். வேண்டியதற்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். அவ்வாறு தள்ளுகின்ற புரதத்தை உண்டாக்கும் மரபணு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, இரண்டும் பழுதுபட்ட நிலையில் ஒரு குழந்தைக்கு வந்து சேருமானால் செம்பு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. இம்மரபணு இன்னதென்று அறிவியலார் கண்டறிந்தது 1993-ஆம் ஆண்டில்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இதனை விளக்க நெடிய பாடம் வேண்டா. பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆற்றில் அளவாகத்தான் தண்ணீர் வருகிறது. மதகும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வடிகால் அடைபட்டுவிட்டது. வயலில் தேங்கிய நீர் நாற்றின் வேரை அழுகச் செய்துவிட்டு, பிறகு வரப்பை மீறி அடுத்த வயலுக்குப் போகிறது. வில்சன் நோயில் முதல் வயல் கல்லீரல். அடுத்த வயல் மூளை. சிலருக்குக் காமாலையும் வயிற்று வீக்கமுமாக அது வெளிப்படும். வேறு சிலருக்குக் கை நடுங்கும், நாக் குழறும், வாயில் நீர் வடியும், குணம் மாறும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையுமான ஒரு வளையம் தோன்றும். பள்ளிப் பிள்ளையின் அழகிய கையெழுத்து சில மாதங்களில் கோணிப் போகும்போது ஆசிரியர் அதனைச் சோம்பல் என்பார். தந்தை திமிர் என்பார். பாட்டி காற்றுச் சேட்டை என்பார். மந்திரிக்கவும் கொண்டுபோவார்கள். நம் கோவில்களுக்கும் கொண்டுவருவார்கள்.

கின்னியர் வில்சன் என்னும் மருத்துவர் இலண்டனில் 1912-இல் இந்நோயை விரிவாக எழுதியபோது, அதற்கு மரணம் என்னும் ஒரே முடிவுதான் இருந்தது. செம்புதான் குற்றவாளி என்பது தெளிவாவதற்கே 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் நச்சுவாயுவுக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டில் கண்டுபிடித்திருந்த ஒரு மருந்தை ஊசியாகத் தசையில் ஏற்றிச் செம்பை வெளியேற்ற முயன்றார்கள். பயன் சிறிதே, வலியோ பெரிது. வாழ்நாள் முழுவதும் அவ்வூசியை யார் தாங்குவர்?

அப்போதுதான் ஜான் வால்ஷ் என்னும் ஆங்கில இளம் மருத்துவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தகைய நோயாளர் ஒருவரைக் கண்டு, வாயால் உட்கொள்ளத்தக்க ஒரு பொருளை நினைவுகூர்ந்தார். பெனிசிலின் உண்ட நோயாளரின் சிறுநீரில் முன்னர் அவரே கண்டிருந்த பெனிசிலமின் அது. அதன் வேதியியல் அமைப்பு செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறத் தகுந்தது என்று அவர் கருதினார். தாமே முதலில் விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு நோயாளருக்குக் கொடுத்தார். 1956-இல் அவர் எழுதிய கட்டுரையோடு, சாவுக்கென்று குறிக்கப்பட்டிருந்த பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். பெனிசிலமின் ஒவ்வாத நோயாளர் ஒருவருக்காக 1969-இல் டிரையன்டின் என்னும் மற்றொரு மருந்தையும் அவரே பயன்படுத்தத் தொடங்கினார். வால்ஷ் 2022-ஆம் ஆண்டில், தம் 102-ஆம் வயதில் காலமானார். நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் வேறு சிலர் துத்தநாக உப்பைக் கொண்டு இன்னொரு வழியைக் கண்டனர். பெனிசிலமினும் டிரையன்டினும் வடிகாலைத் திறந்துவிடுகின்றன என்றால், துத்தநாகம் தலைமதகிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுகிறது. குடலின் உட்சுவரிலேயே செம்பைப் பிடித்து நிறுத்தி, மலத்தோடு போகச் செய்கிறது.

செம்பு என்றதும் நம் வட்டாரத்தார்க்கு வேறொன்றும் நினைவு வரலாம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரமும் பெண்ணுக்குச் சீராகப் போன ஊர் இது. முன்பெல்லாம் ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்து வருவார்; வீட்டுத் தவலைகளும் அண்டாக்களும் வெளியே வரும். அந்த ஈயப் பூச்சு வெறும் அழகுக்கன்று. பித்தளையில் உள்ள செம்பு உணவில் இறங்காதபடி அது காத்தது. வடக்கே பல வீடுகளில் பச்சிளங் குழந்தைகளுக்கு வார்க்கும் பசும்பாலைப் பூச்சற்ற பித்தளையில் காய்ச்சி வைத்தார்கள். பால் செம்பை இழுத்துக்கொண்டது. இரண்டு மூன்று வயதிற்குள் கல்லீரல் கல்லாகிச் சாகின்ற குழந்தைகள் நம் நாட்டில் அன்று ஆயிரமாயிரம். குழந்தைக் கல்லீரல் நோய்க்கென்று சென்னையிலிருந்து வந்த ஜம்மி மருந்தை முதியோர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். புனே நகர மருத்துவர் பாவே, பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்து நாட்டு டேனரும் இந்தப் பாத்திரத் தொடர்பை 1983-இல் எடுத்துக்காட்டினர். தொடக்கத்திலேயே வந்த சில குழந்தைகளை இதே பெனிசிலமின் காப்பாற்றியது. பாத்திரம் மாறியது, நோய் ஏறத்தாழ மறைந்தேபோயிற்று.

இது வில்சன் நோயன்று, வேறு நோய். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே குற்றம் பாத்திரத்தில் இருந்தது. பாத்திரத்தை மாற்றினால் தீர்ந்தது. இங்கே பாத்திரம் என்பது உடலேயன்றோ! இதனை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? கல்லீரல் முற்றும் கெட்டுவிட்டால் மாற்று அறுவை உண்டு. அது எல்லார்க்கும் எட்டுவதன்று, எல்லார்க்கும் வேண்டுவதுமன்று. ஆக, நோயின் வேர் அங்கேயே இருக்கிறது. அதன் விளைவு மட்டும் ஒவ்வொரு நாளும் தடுக்கப்படுகிறது. (செப்புக்குடத்துத் தண்ணீர் எல்லா நோய்க்கும் நல்லது என்று விளம்பரம் செய்கிறவர்கள், இந்நோயுள்ள வீட்டாரிடமாவது சற்று அடங்கிப் பேசினால் நலம்.)

இனி அறச்சிக்கலுக்கு வருவோம். இம்மருந்துகளுக்கு ஒரு விந்தையான தன்மை உண்டு. அவை எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றனவோ அவ்வளவுக்குத் தேவையற்றனவாகத் தோன்றும். நடுக்கம் நிற்கிறது, பேச்சுத் தெளிகிறது, பையன் கல்லூரிக்குப் போகிறான், பந்தாடுகிறான். நோய் எங்கே? கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மாத்திரைதான். நோயாளி என்று அவனுக்கு நினைவூட்டுவதும் அந்த மாத்திரை ஒன்றுதான். ஆகவே அதனை நிறுத்திவிட்டால் நோயும் போய்விடும் என்று மனம் சொல்கிறது. நியூயார்க்கில் ஷைன்பெர்க் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் 1987-இல் எழுதியதைப் படித்தால் நெஞ்சு நடுங்கும். நலமாக இருந்துகொண்டே தாமாக மருந்தை நிறுத்திய 11 பேரில் 8 பேர், சராசரி இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற்குள் கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார்கள். நிறுத்திய மறுநாள் எதுவும் நேர்வதில்லை, மறுமாதமும் இல்லை. இதுவே பெரும் ஏமாற்று. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே!" என்று சொல்ல அத்தனை மாதங்கள் கிடைக்கின்றன.

நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் ஒரு தாய் இதே கேள்வியோடு வந்தார். ஊரும் பெயரும் இங்கு வேண்டா. மகன் ஆறாண்டுகளாக நலம். எங்கோ நடந்த குணமளிக்கும் செபக்கூட்டத்தில், மருந்துப் பெட்டியைத் தூக்கி எறிகிறவனே ஆண்டவரை நம்புகிறவன் என்று போதித்திருக்கிறார்கள். "சாமி, வேளாங்கண்ணி மாதாவுக்குப் பொருத்தனை பண்ணிட்டேன். கொடியேத்தத்துலேர்ந்து மாத்திரைய நிறுத்திடுறதா வேண்டிக்கிட்டேன். இப்ப நிறுத்தாட்டா மாதாவ நம்பலேன்னு ஆயிடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அச்சம் உண்மையானது. அதனை எள்ளி நகையாடும் உரிமை நமக்கு இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், வெள்ளியிற் செய்த கண்ணையும் கையையும் காலையும் நன்றியோடு வைத்துவிட்டு வருகிற மக்களின் விசுவாசத்தில் வளர்ந்தவன்தான் நானும்.

ஆனால் பொருத்தனை என்பது என்ன? திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1191-ஆம் எண் அதற்கு வரையறை தருகிறது: இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, அறிந்தும் விரும்பியும் இறைவனுக்குக் கொடுக்கும் வாக்கே நேர்ச்சை. மேலான நன்மையைக் குறித்ததாக அது இருத்தல் வேண்டும். மகனின் உயிருக்கு ஊறு செய்வதை ஒருவர் நேர்ந்துகொள்ள முடியாது. நேர்ந்துகொண்டாலும் அது நேர்ச்சையாகாது. ஆகவே அங்கே மீறுவதற்கு ஒன்றும் இல்லை. "அம்மா, நீங்கள் மாதாவுக்குக் கடன்படவில்லை, கொடியேற்றத்திற்குப் போங்கள், மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேர்ச்சையில் பட்டினி கிடக்கப்போவது தாயின் வயிறன்று. பணயமாக வைக்கப்பட்டது மகனின் கல்லீரல். பிறர் உயிரைக் கொண்டு நம் விசுவாசத்தை மெய்ப்பிக்க நமக்கு உரிமை ஏது?

விவிலியத்தில் இதற்கு நேரான ஓர் இடம் உண்டு. நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பாலைநிலத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்கும்படி மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை எல்லாரும் அறிவோம். செம்பு மருந்தாக நின்ற இடம் அது. பல தலைமுறைக்குப் பின் மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கியதால், எசேக்கியா அரசர் அதனை உடைத்துப் போட்டார் என்று அரசர்கள் இரண்டாம் நூல் 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. கருவியைக் கடவுளாக்குகிறவர்களைப் பொறுக்காத மன்னர் அவர். மருந்தை நம்புவது கடவுளை நம்பாமை என்று சொல்லத் தகுதியுள்ள ஒருவர் உண்டென்றால் அவர்தாம். ஆனால் இரண்டே அதிகாரங்கள் தள்ளி, அதே எசேக்கியா சாகக் கிடக்கிறார். சுவர்ப்புறம் திரும்பி அழுது மன்றாடுகிறார். அவருடைய செபம் கேட்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கூட்டித் தரப்பட்டன. வாக்குக் கொடுத்தவர் ஆண்டவரே. அதற்குப் பிறகும் இறைவாக்கினர் எசாயா என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழ அடை கொண்டுவந்து புண்ணின்மேல் வைக்கச் சொன்னார். இறைவாக்குக் கிடைத்துவிட்டதே, இனி அத்திப்பழம் எதற்கு என்று அந்த அரசர் கேட்கவில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் இறைவனைச் சோதித்தல் என்னும் பாவத்தைப் பற்றித் தனியாகவே ஆராய்கிறார். தன்னால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கடவுள் காப்பாற்றுகிறாரா பார்ப்போம் என்று இருப்பதும் அதனுள் அடங்கும். கோவிலின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவர் என்று நம் ஆண்டவரிடம் சொன்னவன் யார் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். அவனும் மறைநூலை எடுத்துச் சொல்லித்தான் குதிக்கச் சொன்னான். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நோயாளி மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்பது அதன் போதனை. பிரிந்துபோன சபையார் சிலர் இந்நூலை விவிலியத்தில் சேர்ப்பதில்லை. நாம் சேர்த்திருக்கிறோம், ஆனால் படிப்பதில்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் 2000-ஆம் ஆண்டில் குணமளிக்கும் செபங்களைப் பற்றி வெளியிட்ட அறிவுரையில், செபம் இயற்கை மருத்துவ வழிகளை விலக்குவதில்லை, அவற்றை நாடவே ஊக்குகிறது என்று தெளிவாகக் கூறியிருக்கிறது.

அப்படியானால் புதுமைகளே இல்லையா என்று சிலர் சினங்கொள்ளக்கூடும். உண்டு. அவற்றை ஆராய லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்றும் உண்டு. ஆனால் மருந்தினால் விளங்கக்கூடிய குணத்தைத் திருஅவை புதுமையென ஏற்பதில்லை. மாத்திரை உண்டுகொண்டு நலமாக இருப்பவருடைய நலத்துக்கு விளக்கம் அந்த மாத்திரைதான். அந்த மாத்திரைக்குள் இறையருள் இல்லையென்று யார் சொன்னது? இறையருள் என்றால் மின்னலைப்போல் வந்துதான் ஆகவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பாலைநிலத்தில் மன்னா நாள்தோறும் பெய்தது. நாளைக்கென்று சேர்த்து வைத்தது புழுத்துப்போயிற்று. நாற்பது ஆண்டுகள் ஒவ்வொரு காலையிலும் குனிந்து பொறுக்கியவர்களை அற்ப விசுவாசிகள் என்று நாம் சொல்வதில்லை.

ஆயினும் குனிவது களைப்புத்தான். இதனை நோயில்லாதவர்கள் எளிதாகப் பேசிவிடக் கூடாது. பெனிசிலமினை வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி முன்போ இரண்டு மணி பின்போ உண்ண வேண்டும். சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வரும்; சிலருக்குச் சிறுநீரில் புரதம் இறங்கும். மூளை பாதிக்கப்பட்டவர்களுள் சிலர், மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் முன்னைவிட மோசமாவதும் உண்டு. பெற்றோரின் நம்பிக்கை பெரும்பாலும் அங்கேதான் முறியும். இரத்தமும் இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரும் எடுத்துச் சோதிப்பதற்கென்று ஆண்டுதோறும் அலைச்சல். கருவுற்ற பெண்கூட மருத்துவர் சொல்லும் அளவில் தொடர்ந்து உண்ண வேண்டும். இத்தனைக்கும் நடுவே பதினாறு வயதுப் பையன் ஒருவன் "எனக்கு அலுத்துவிட்டது" என்றால், அது நம்பிக்கையின்மையன்று, களைப்பு. நம் உழவர்களுக்கும் அந்தக் களைப்புத் தெரியும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று ஒவ்வொரு கோடையிலும் வாய்க்கால்களைத் தூர்வார வேண்டியிருக்கிறது. போன ஆண்டுதானே வாரினோம் என்று யாரும் மண்ணிடம் வழக்காடுவதில்லை. வண்டல் வருவது ஆற்றின் இயல்பு. வாருவது நம் முறை.

இன்னும் கடினமான கேள்வி, நோயே தெரியாத தம்பி தங்கையரைப் பற்றியது. ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருப்பது தெரிந்தால், உடன்பிறந்தார் ஒவ்வொருவர்க்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சோதித்துப் பார்த்து, நோய்க்குறி எதுவும் தோன்றாத தங்கைக்கும் இருக்கிறதென்று தெரிந்தால் அவளும் அன்றே மாத்திரை தொடங்கினால் போதும். அந்நோயின் கொடுமையை அவள் ஒருநாளும் காணமாட்டாள். இதனினும் எளிய மீட்பு மருத்துவத்தில் அரிது. ஆனால் எத்தனை வீடுகளில் சோதிக்கிறார்கள்? "பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்று வாயடைத்துவிடுகிறார்கள். மகனுக்கு வைத்தியம், மகளுக்கு மறைப்பு! குடும்ப மானம் என்னும் பீடத்தில் இதுவும் ஒரு பலிதான். இச்செயலைப் பாவம் என்று பெயரிட்டுச் சொல்ல நான் தயங்கமாட்டேன்.

மறைப்பவர்களின் அச்சமும் பெரும்பாலும் அறியாமையால் வருவதே. இந்நோயுள்ள பெண் முறையாக மருந்துண்டு, உறவல்லாத ஒருவரை மணந்தால், அவர்தம் குழந்தைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருநூற்றில் ஒன்றே. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தாயிடமும் தந்தையிடமும் ஒரே பழுதுபட்ட மரபணு இருக்க வேண்டுமானால், அதற்கு எளிய வழி இருவரும் ஒரே பாட்டன் வழியில் வந்திருப்பதே. அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பதும், தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுப்பதும் நம் மண்ணின் வழக்கம். திருஅவைச் சட்டம் 1091 இத்தகைய இரத்த உறவை மணத் தடையாக வைத்திருக்கிறது. ஆயரிடம் தளர்வு கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் பங்குக் குருக்களாகிய நாங்கள். பலர் அத்தடையை ரோமாபுரியின் வீண் கெடுபிடி என்றே நினைக்கிறார்கள். நிலம் வெளியே போகக் கூடாது, நகை வெளியே போகக் கூடாது என்று காரணம் சொல்லித் தளர்வு கேட்கும் குடும்பங்கள், தங்கள் வீட்டுக் குழந்தைகளில் யாருக்கேனும் இளமையில் கல்லீரல் கெட்டதா, கைநடுக்கம் வந்ததா என்பதையும் அந்த அலுவலக மேசையில் சொல்லும்படி நாம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. உறவில் மணந்தவர்களைக் குற்றவாளியாக்குவதற்கு அன்று. பிள்ளைகளை நேரத்தோடு சோதித்துக்கொள்வதற்கு.

மருந்துண்பது கடமை என்று சொல்லிவிட்டோம். அதனை வாங்க முடியாதவனுக்கு? பதினாறாம் நூற்றாண்டில் சாலமங்காவில் கற்பித்த சாமிநாதர் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிர்காக்கும் மருந்துக்காகத் தன் உடைமை முழுவதையும் கொடுத்தழிக்க எவரும் கட்டுப்பட்டவரல்லர் என்று எழுதினார். 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தாங்கொணாச் சுமையாகாத வழக்கமான வழிகளையே மனிதன் நாடக் கடமைப்பட்டவன் என்று மருத்துவர்களுக்கு உரைத்தார். எனவே ஒரு மாத்திரை வழக்கமான வழியா, தாங்கொணா வழியா என்பதைப் பல வேளைகளில் அதன் விலையே தீர்மானிக்கிறது. இதற்குக் கொடுமையான சான்று அமெரிக்காவில் நடந்தது. வால்ஷ் தம் நோயாளர்க்காகக் கண்ட டிரையன்டின் மருந்து, 100 மாத்திரை 652 டாலருக்கு விற்று வந்தது. அதன் உரிமையை வாங்கிய வாலியன்ட் என்னும் நிறுவனம் 2010-க்கும் 2015-க்கும் இடையில் அதனை 21,267 டாலராக உயர்த்தியது. மருந்து மாறவில்லை, நோய் மாறவில்லை, அதை விட்டால் வேறு வழியற்றவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுதான் மாற்றம். அந்நாட்டுச் செனட் சபையின் குழுவொன்று 2016-இல் இதனை விசாரித்தது. கடமையைச் செய்யவே முடியாதபடி ஒருவனை ஆக்கிவிடுகிறவன், அந்தக் கடமை தவறியதன் குற்றத்தையும் தானே சுமக்கிறான்.

அதற்கு எதிர்முகமாக, நமக்கு அருகிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிலையமான நிம்ஹான்ஸ், மூன்று பத்தாண்டுகளில் தான் கண்ட 282 வில்சன் நோயாளரைப் பற்றி 2007-இல் விரிவாக எழுதியது. நாடு முழுவதிலும் இத்துணைப் பேரைத் தொடர்ந்து பார்த்த இடங்கள் மிகச் சில. அங்குள்ள மருத்துவர்கள் சின்ஹாவும் தாலியும், விலை மிகுந்த பெனிசிலமினை ஏழைகளால் தொடர முடியாமற் போவதைக் கண்டார்கள். முதலில் இரண்டு மருந்தும் கொடுத்து, நிலை சீரான பிறகு பெனிசிலமினை நிறுத்தி, மலிவான துத்தநாக சல்பேட்டை மட்டும் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தனர். 2008-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு மாற்றப்பட்ட 45 பேரில் 44 பேர் அதே நிலையில் நின்றார்கள் அல்லது மேலும் தேறினார்கள். அக்கட்டுரையின் தலைப்பிலேயே மலிவு என்பதையும் ஒரு சிறப்பாகச் சேர்த்திருந்தார்கள். மருத்துவ ஏட்டில் அச்சொல்லைத் தலைப்பில் வைப்பதற்கு ஒரு மனம் வேண்டும். (இம்மாற்றம் எல்லார்க்கும் பொருந்தாது, யாருக்கு, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டா.)

மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சை வழியாகப் பெங்களூரு செல்லும் இரவு ரயிலில் இத்தகைய குடும்பங்கள் போய்வருகின்றன, வேலூருக்கும் போகின்றன. ஒரு பயணத்துக்கு இரண்டு மூன்று நாட்கூலி போகும்; நடவு நாளென்றால் இன்னும் இழப்பு. பங்கில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையார், பிணம் எடுக்கவும் பெட்டி வாங்கவும் காட்டுகிற தாராளத்தில் ஒரு பகுதியை இந்த ரயில் கட்டணத்துக்குக் காட்டினால், எடுக்க வேண்டிய பிணங்களும் சில குறையும்.

கடைசியாக, இளைஞர் சிலர் கேட்கும் ஐயம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கியவர் நற்கருணை வாங்கலாமா? முன்பு நள்ளிரவு முதல் தண்ணீரும் பருகலாகாது என்றிருந்தது. தண்ணீரால் நற்கருணை நோன்பு முறிவதில்லை என்று 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தளர்த்தினார். இன்றுள்ள சட்டத்தின் 919-ஆம் எண், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் விலக்கச் சொல்லிவிட்டு, தண்ணீரையும் மருந்தையும் அந்த விலக்கிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறது. ஆகவே ஆறு மணித் திருப்பலிக்கு வருகிறவர் ஐந்தரைக்கு மாத்திரையை ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வரலாம். பூசை முடிந்து வீடு திரும்பி இட்டிலிக்கு உட்காரும்போது, மருத்துவர் சொன்ன ஒரு மணி நேரமும் கழிந்திருக்கும்.